பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

விருதுநகரிலிருந்து சிவகாசி நோக்கிச் செல்லும் வழியில் ஆமத்தூர்ப் பக்கத்தைக் கடப்போர், கரிசற் காட்டினிடையே ஒன்றுக்கொன்று விலகித் தனித்தனியாய் நிற்கும் சிற்றறைகளைக் காண்பர். அவை பட்டாசுத் தொழிற்சாலைகளின் வேலையறைகள். ஓரறை தீப்பற்றினும் மற்றோரறை பிழைத்தல் வேண்டுமென்றே அவை அங்ஙனம் அமைக்கப்பட்டிருக்கின்றன. எத்துணை எச்சரிக்கையாயிருப்பினும் விபத்து நேராமலில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நம்மவர் மறந்திலர்.

இத்தகைய விபத்துக்களில் வெந்த மேனியினராய் மருத்துவமனை சேர்வோருக்குச் செய்யப்படும் சிகிச்சைகளுள் ஒன்று, காகிதம்போன்ற மெல்லிய ஏடு ஒன்றைப் புண்ணின்மேற் போர்த்தல். அவ்வேடு கொலாஜன் என்னும் புரதத்தால் ஆயது. நம்முடைய தோல், எலும்பு, தசைநாண் ஆகிய யாவற்றையும் தாங்கி நிற்பதும் இக் கொலாஜனே. வெந்த தோல் மீண்டும் வளருங்கால் முதலிற் கட்டப்படும் சாரமும் இதுவே. இனி, அடிபட்ட தலையினுள் இரத்தம் கசிந்துள்ளதா என்பதைக் கத்தி வையாமலே அறிதற்கு, சி. டி. ஸ்கேன் என்று எல்லாரும் வழங்கும் பொறி வேண்டப்படுகின்றது. கொலாஜனின் உருவைக் கண்டு உலகுக்கு உரைத்தவரும், ஸ்கேன் பொறி படம் வரைதற்குரிய கணக்குமுறையொன்றை வகுத்தவரும் ஒருவரே. அவர் நம் தென்னாட்டவர். இவ்விரண்டையும் சென்னையையும் பெங்களூரையும் இருப்பிடமாகக் கொண்ட காலத்திற் செய்தவர். அவர் சரித்திரத்தைச் சுருக்கமாக இங்கே எழுதப் புகுகின்றேன்.

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் கொச்சி நாட்டு எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர், அவ்வூர் மகாராஜா கல்லூரியிற் கணித ஆசிரியர். தாயார் இலக்ஷ்மி அம்மாள். திருநெல்வேலிச் சீமையிலுள்ள கோபாலசமுத்திரமே அவருடைய பெயரின் முதலெழுத்தாய் நிற்பது. கணிதம் கற்பிப்போர் வீட்டிற் பிறந்த பிள்ளைக்குக் கணிதமே விளையாட்டாயிற்று. பிற்காலத்தில் அவர் பௌதிகத்திலும் இரசாயனத்திலும் உயிரியலிலும் புகுந்து எதை எடுத்தாலும், முதலில் அதை ஒரு வடிவகணிதக் கணக்காக மாற்றிக்கொண்டே தொடங்குவார். அப்பழக்கம் தந்தையாரிடம் கற்றதென்று கொள்வதிற் பிழையில்லை.

1939ஆம் ஆண்டில் அவர் திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியிற் பௌதிக ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்தார். சேசு சபையார் நடத்தும் அக்கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் இராசம் அடிகளாரையும் பி. இ. சுப்பிரமணியம் என்பாரையும் அவர் முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். மிஷன் கல்லூரி ஒன்றின் வகுப்பறையில் விதைக்கப்பட்ட வித்து இத்துணைப் பெருமரமாயிற்று என்பது நம்மனோர்க்குச் சிறிது பெருமிதம் தருமாயின், அது மன்னிக்கத்தக்கதே. 1942இல் சென்னைச் சர்வகலாசாலையில் முதல்வராகத் தேறினார்.

மகன் அரசாங்க உத்தியோகத்தில் அமரவேண்டுமென்பது தந்தையார் விருப்பம். இரயில்வே பொறியாளர் உத்தியோகத்திற்குரிய பரீக்ஷை எழுதுமாறு டில்லிக்கு அனுப்பினார். மகனோ அப்பரீக்ஷையில் தேறாதபடி பார்த்துக்கொண்டு திரும்பினார் என்பது அவரைப்பற்றி வழங்கும் கதை. அவர் அன்று தேறியிருப்பின் நமது இரயில்வே இலாகா நல்லதோர் அதிகாரியைப் பெற்றிருக்கும், அவ்வளவே.

அவ்வாண்டே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்சாரப் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே பௌதிகப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் ஸர் சி. வி. இராமன். இளைஞரது கூர்மையைக் கண்ட இராமன், இப்பிள்ளை மின்சாரப் பகுதிக்கு மிகையென்று அப்பகுதித் தலைவரிடமே சொல்லி, அவரைத் தம் பகுதிக்கு மாற்றிக்கொண்டார். இராமனிடத்து அவர் ஒளியியலும், வைரம் முதலிய படிகங்களின் இயல்பும் பயின்றார். எக்ஸ் கதிர்களைக்கொண்டு படிகத்தின் உள்ளமைப்பை ஆராயும் வித்தையிலும் கைதேர்ந்தார். 1947இல் சென்னைச் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பேரறிஞர் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜ் நகரத்துக் காவெண்டிஷ் ஆராய்ச்சிசாலைக்குச் சென்றார். அங்கே வூஸ்டர் என்பாருடன் ஈராண்டு உழைத்து 1949இல் மற்றொரு பட்டமும் பெற்றார். அமெரிக்க இரசாயன அறிஞர் லைனஸ் பாலிங் அக்காலத்திற் கேம்பிரிட்ஜுக்கு வந்து ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. புரதங்களின்மேல் அவர் உள்ளம் சென்றதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். 1949இலேயே பெங்களூர் திரும்பினார்.

இனி, சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை விளங்கிய டாக்டர் ஆ. இலக்ஷ்மணசாமி முதலியாரைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அவர் மகப்பேற்று மருத்துவத்திற் புகழ்பெற்றவர். ஆயினும் பௌதிகத்திற்கு ஒரு பகுதி தம் சர்வகலாசாலையில் வேண்டுமென்று கருதி, இராமனையே தலைமை ஏற்குமாறு வேண்டினார். இராமன் தாம் வர இயலாதென்றும், தம் மாணாக்கர் இராமச்சந்திரனை அழைத்துக்கொள்ளலாமென்றும் தெரிவித்தார். முப்பது வயதை எட்டிய இளைஞரைப் பகுதித் தலைவராக அமர்த்துதல் அக்காலத்திற் சாதாரணமன்று. முதலியார் தயங்கவில்லை. 1952ஆம் ஆண்டில் இராமச்சந்திரன் கிண்டியிற் பேராசிரியராக அமர்ந்தார். கருவிகள் குறைவு, மாணாக்கர் சிலர், துணைவேந்தர் தந்த சுதந்திரம் மட்டும் நிறைவு.

அவ்வாண்டிலேயே ஜே. டி. பெர்னால் என்னும் ஆங்கில அறிஞர் சென்னைக்கு வந்தார். எந்தப் பொருளை ஆராய்வது என்று எண்ணிக்கொண்டிருந்த இராமச்சந்திரனிடம், கொலாஜனின் அமைப்பு இதுவரை ஒருவராலும் அறுதியிடப்படவில்லை என்று அவர் பேச்சினிடையே கூறிச் சென்றார். இராமச்சந்திரன் அச்சொல்லைப் பற்றிக்கொண்டார். சர்வகலாசாலைக் கட்டடங்களுக்கு அருகே அடையாற்றில் 1948இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் பதனிடும் தொழிலென்பது கொலாஜனைப் பதனிடும் தொழிலேயன்றி வேறன்று. கங்காரு என்னும் விலங்கின் வாலிலுள்ள தசைநாண் மிகத் தூய கொலாஜன் என்று கருதப்பட்டமையின், அந்நிலையத்தின் வாயிலாக அதனைப் பெற்று, தம் மாணாக்கர் கோபிநாத் கர்த்தாவுடன் அவர் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கலானார்.

அப்படத்தில் தெரிவன சில கரும்புள்ளிகளும் வளைவுகளுமே. அவற்றினின்று ஒரு மூலக்கூறின் உருவை உய்த்துணர்தல், கோலத்தின் நிழலைக் கண்டு கோலமிட்டவர் கையசைவைக் கூறுவது போன்றதாம். ஆயினும் இராமச்சந்திரனுக்குத் துணையாக மற்றொரு செய்தி இருந்தது. புரதங்களெல்லாம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கண்ணிகள் கோத்த சங்கிலிகள். அக்கண்ணிகள் இருபது வகைப்படும். கொலாஜனிலோ மூன்றில் ஒருபங்கு கிளைசீன் என்னும் ஒரே வகையாய் இருந்தது. கிளைசீன் எல்லாவற்றினும் சிறியது; மற்றவற்றிற்கு உள்ள பக்கக்கிளை அதற்கு இல்லை; ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே உண்டு. மூன்றில் ஒன்று என்னும் கணக்கு தற்செயலாய் நேர்ந்ததாயிராது, சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் கண்ணியும் கிளைசீனாக இருத்தல் வேண்டும், அங்ஙனம் இருத்தற்கு அமைப்பிலேயே காரணம் உண்டு என்று அவர் துணிந்தார்.

அக்காரணம் யாதெனில், மூன்று சங்கிலிகள் நெருங்கி ஒரு கயிறாய் நிற்கின்றன. ஒவ்வொரு சங்கிலியும் தன்னளவில் முறுக்குண்டது. ஒவ்வொன்றின் மூன்றாங் கண்ணியும் கயிற்றின் நடு அச்சை நோக்குகின்றது. நடுவில் மிகச் சிறிய இடமே உள்ளதாகலின், பக்கக்கிளையற்ற கிளைசீனன்றி வேறெதுவும் அங்கே புகமாட்டாது. நம்மூர் மகளிர் முப்புரியாகச் சடை பின்னுவதை ஒருவாறு ஒப்புமை கூறலாமாயினும் அது முழுதும் பொருந்தாது. கயிறு திரிப்போர் செயலே நெருங்கிய ஒப்புமை. இம்முச்சங்கிலி அமைப்பை விளக்கும் கட்டுரை 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து நேச்சர் இதழில் வெளியாயிற்று. டி. என். ஏ. என்னும் இரட்டைச் சுருளை வாட்ஸனும் கிரிக்கும் அதே இதழில் வெளியிட்டு ஓராண்டும் சில மாதங்களுமே ஆகியிருந்தன.

முதலிற் கூறிய அமைப்பில் மூன்று சங்கிலிகளும் ஒன்றுக்கொன்று நேராய் நின்றன. படங்களை மேலும் ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சங்கிலியும் ஒரு சுற்றுக்கு மூன்று கண்ணிகளன்று, மூன்றேகாலுக்குச் சிறிது மிகுதியாகக் கொண்டுள்ளதென்று தெரியவந்தது. அங்ஙனமாயின் மூன்றாங் கண்ணி சிறிது சிறிதாக விலகி, நடுவைவிட்டு வெளியே நோக்கிவிடுமே! இத்தடையை அவர் நீக்கிய விதம் அழகியது. சந்திரன் பூமியைச் சுற்றிவரினும் எப்பொழுதும் ஒரே முகத்தைக் காட்டுகிறதன்றோ? அதுபோலவே சங்கிலிகள் நடு அச்சை மெல்லச் சுற்றிக்கொண்டு செல்லின், கிளைசீன் என்றும் உள்நோக்கியே நிற்கும். சங்கிலிகள் இடமுறுக்கு, அவை சேர்ந்த கயிறு வலமுறுக்கு. திருத்திய இவ்வமைப்பு 1955இல் அதே இதழில் வெளிவந்தது.

அதற்குப் பின்னர் நிகழ்ந்ததே அவர் வாழ்க்கையின் கடுஞ்சோதனை. இங்கிலாந்தில் அலெக்ஸாண்டர் ரிச் என்பவரும், இரட்டைச் சுருளாற் புகழ்பெற்ற பிரான்ஸிஸ் கிரிக்கும் 1955இல் தம் கருத்தை வெளியிட்டனர். முச்சங்கிலிக் கயிறு என்னும் அடிப்படையை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். ஆயினும் சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கள் மும்மூன்று கண்ணிக்கு இரண்டு என்று சென்னையார் கூறியதை மறுத்து, ஒன்றே என்றனர். சென்னை அமைப்பில் சில அணுக்கள் தகாத அளவு நெருங்கி நிற்கின்றன என்றும் குறை கூறினர். கேம்பிரிட்ஜின் பெயரும் கிரிக்கின் பெயரும் ஒருபுறம். கிண்டியின் புதிய ஆராய்ச்சிசாலை ஒருபுறம். உலகம் எதனை நம்பும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பின்வந்த பல நூல்களில் கொலாஜன் அமைப்பின் பெருமை பெரிதும் ரிச், கிரிக் என்னும் இருவர்க்கே எழுதப்பட்டதும் உண்டு. இராமச்சந்திரன் இதனால் மனம் நொந்தார் என்பதை அவரோடு பழகியவர் மறைக்கவில்லை.

நொந்தவர் வாளாவிருந்தாரல்லர். தகாத நெருக்கம் என்கின்றார்களே, தகுந்த நெருக்கம் எவ்வளவு என்பதை யாரேனும் வரையறுத்திருக்கிறார்களா என்று தேடினார். அங்ஙனம் வரையறுத்தார் எவருமிலர். ஆகவே அதுகாறும் உலகில் வெளியாகியிருந்த படிக அமைப்புக்களையெல்லாம் தேடியெடுத்து, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரம் வரை நெருங்கியுள்ளன என்று அட்டவணை இடுமாறு தம் மாணாக்கரை ஏவினார். வழக்கமாகக் காணப்படும் எல்லை ஒன்று, அரிதாகக் காணப்படும் கடையெல்லை ஒன்று என இரண்டு எல்லைகள் குறிக்கப்பட்டன. கொலாஜன் அமைப்பிற் கண்ட நெருக்கங்கள் இயற்கையில் இல்லாதனவல்ல என்பதற்கு இவ்வட்டவணை அவருக்குச் சான்றாயிற்று. பிறர் பல்லாண்டு உழைத்து வெளியிட்டுச் சிதறிக்கிடந்த அளவுகளை ஓரிடத்துத் தொகுத்து, தொகுத்தவற்றினின்று ஒரு விதியை வடித்தெடுக்கும் இம்முறையே இன்று உயிர்த்தகவலியல் எனப் பெயர்பெற்று வளர்ந்திருக்கும் சாஸ்திரத்தின் உயிர்நாடி. அப்பெயர் தோன்றுமுன்னரே, தாளும் பேனாவும் கொண்டு அது கிண்டியிற் செய்யப்பட்டது.

அட்டவணை கையிலிருக்கவே, அதனைக் கொலாஜன் ஒன்றிற்கு மட்டும் பயன்படுத்தி நிறுத்திவிடுவானேன் என்னும் எண்ணம் எழுந்தது. வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் என்னும் இரு மாணாக்கர் உடனிருந்தனர். (2009இல் நோபெல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் வேறொருவர்; பெயரொற்றுமையால் மயங்கற்க.) புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே இடங்களிற் சங்கிலி தாராளமாகத் திரும்பக்கூடும். முழங்கையும் மணிக்கட்டும் போல என்று கொள்க. இவ்விரு திருப்பங்களின் கோணங்களைக் கிரேக்க எழுத்துக்களாகிய ஃபை, ஸை என்பவற்றாற் குறித்தனர். ஒவ்வொரு கோணமும் 360 பாகை வரை மாறலாம். ஃபையைக் கிடையாகவும் ஸையைச் செங்குத்தாகவும் வைத்து ஒரு சதுரம் வரையின், சங்கிலி கொள்ளக்கூடிய நிலை ஒவ்வொன்றும் அச்சதுரத்தில் ஒரு புள்ளியாகும். அப்புள்ளி ஒவ்வொன்றிலும் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா, இல்லையா என்று கணக்கிட்டனர். இக்காலத்துக் கணினி அன்று அவர்களுக்கு இல்லை. மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் கணக்குப்பொறி கொண்டே நாட்கணக்கில் உழைத்தனர்.

முடிவு வியக்கத்தக்கதாயிருந்தது. சதுரத்தின் பரப்பில் நான்கில் மூன்று பங்கும் விலக்கப்பட்ட நிலம். அங்கே சங்கிலி செல்லவொண்ணாது. எஞ்சிய சில தீவுகளிலேயே அது தங்கக்கூடும். பாலிங் கண்ட ஆல்ஃபாச் சுருளும், பீட்டாத் தகடும், கொலாஜன் சுருளும் அத்தீவுகளுள் தத்தமக்குரிய இடத்திற் சரியாக வந்து அமர்ந்தன. கிளைசீனுக்கு மட்டும், பக்கக்கிளை இன்மையால், செல்லுமிடம் மிக விரிந்திருந்தது. இப்படத்தை விளக்கும் கட்டுரை 1963இல் மூலக்கூறு உயிரியல் இதழொன்றில் ஐந்தே பக்கங்களில் வெளியாயிற்று. இராமச்சந்திரன் படம் என்று உலகெங்கும் வழங்குவது இதுவே. உயிரியலோ உயிர் இரசாயனமோ பயிலும் மாணவர் இதனை அறியாமல் தம் பாடத்தை முடிப்பது இன்று எந்நாட்டிலும் அரிது. அவ்வாண்டிலும் 1967இலும் சென்னையிற் கூட்டிய சர்வதேச மகாநாடுகளுக்கு மேனாட்டு அறிஞர் பலர் வந்தனர். கிண்டி அவர்களுக்கு அறியாத ஊராக இனி இருக்கவில்லை.

படத்தின் பயன் யாதென வினவுவோருக்கு விடை கூறுதல் எளிது. 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் புரத அமைப்புக்களின் பொதுக் களஞ்சியம் ஏழே அமைப்புக்களுடன் தொடங்கப்பெற்றது. இன்று அதில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டவை உள்ளன. புதிதாக ஓர் அமைப்பை எவர் கண்டுபிடித்து அங்கே ஒப்படைப்பினும், அதனைச் சோதிக்கும் அறிக்கையில் இராமச்சந்திரன் படத்தின் விலக்கப்பட்ட நிலத்தில் எத்தனை கண்ணிகள் விழுகின்றன என்று எண்ணிக் காட்டப்படுகிறது. மிகுதியாக விழின் கண்டவர் எங்கோ தவறினார் என்பது பொருள். 2024ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசிற் பாதியை டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் என்னும் இருவரும் பெற்றது, அமினோ அமில வரிசையை மட்டும் கண்டு புரதத்தின் உருவை முன்னறியும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் கணினி முறைக்காக. அம்முறை பயின்றது மேற்கூறிய களஞ்சியத்தையே பாடநூலாக வைத்து. சோதித்துத் தேறிய அளவுகள் அக்களஞ்சியத்தில் இல்லையாயின், கணினி எதைக் கற்றிருக்கும்?

இது மருத்துவர் மேசைவரை எட்டும் விதத்திற்கு ஓர் உதாரணம் காட்டுவேன். சிறு தட்டு விழுந்தாலும் எலும்பு முறியும் குழந்தைகள் சிலர் உளர். அந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் முதல்வகைக் கொலாஜனை ஆக்கும் இரண்டு மரபணுக்களுள் ஒன்றில் நேர்ந்த எழுத்துப்பிழை. இந்நாளில் அக்குழந்தையின் குருதியினின்று மரபணு வரிசையைப் படித்து, பிழை எங்கேயுள்ளதென்று கணினியாற் காண்கின்றனர். கண்டபின் எழுவது, அப்பிழை தீங்கு செய்வதா, செய்யாததா என்னும் வினா. ஏனெனில் தீங்கில்லாத வேற்றுமைகள் ஒவ்வொரு மனிதரிடத்தும் எண்ணற்றவை உள. அவ்விடத்து மருத்துவர் முதலில் நோக்குவது, மூன்றாங் கண்ணியாகிய கிளைசீன் மாறி அதனிடத்து வேறொன்று நிற்கின்றதா என்பதே. மாறியிருப்பின், அப்பெரிய கண்ணி கயிற்றின் நடுவிலே புகமாட்டாது முறுக்கைக் குலைத்துவிடும். கடுமையான நோய்க்குரிய பிழைகளுட் பெரும்பாலன இத்தகையனவே. 1954இல் கிண்டியில் வடிவகணிதத்தாற் கூறப்பட்ட காரணம், ஒரு தாய்க்கு அவள் குழந்தையின் நோயை விளக்கும் காரணமாக இன்று நிற்கின்றது.

கிரிக்கோடு நேர்ந்த வழக்கின் முடிவையும் இவ்விடத்தே சொல்லிவிடுதல் நன்று. 1968இல் இராமச்சந்திரன் தம் கருத்தைச் சிறிது திருத்தி, இரண்டாவது பிணைப்பு நேரானதன்று, இடையே ஒரு நீர் மூலக்கூறு நின்று இணைக்கின்றது என்று எழுதினார். 1994ஆம் ஆண்டில் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி முதலியோர் கொலாஜன் போன்ற சிறு சங்கிலியொன்றைப் படிகமாக்கி, அதன் அமைப்பை அணு அணுவாகக் கண்டனர். நேரான பிணைப்பு ஒன்றே என்பதிற் ரிச்சும் கிரிக்கும் வென்றனர். கயிற்றைச் சூழ நீர் மூலக்கூறுகள் பாலமாய் நின்று பிணைப்பதும் அப்படிகத்தில் தெளிவாகத் தெரிந்தது. மூன்று சங்கிலிகள் உள என்பதையும், அவை ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதையும், கிளைசீன் உள்ளே நிற்கும் காரணத்தையும் முதலிற் கண்டவர் எவர் என்பதில் என்னளவில் ஐயமில்லை. நுட்பத்திற் பிழை கண்டோர் முதலிற் கண்டோராகார்.

1969இல் முதலியார் துணைவேந்தர் பதவியினின்று விலகியபின் கிண்டியின் சூழ்நிலை மாறிற்று. இராமச்சந்திரன் சென்னையை விட்டுச் சிலகாலம் சிகாகோ சர்வகலாசாலையிலும், பின்னர்ப் பெங்களூரிலும் இருந்தார். தாம் மாணவராகச் சேர்ந்த விஞ்ஞானக் கழகத்திலேயே 1971இல் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பகுதியை நிறுவினார்.

அவ்வாண்டிலேதான் அவருடைய மற்றொரு கண்டுபிடிப்பு வெளியாயிற்று. பல பக்கங்களினின்று எடுத்த எக்ஸ் கதிர் நிழற்படங்களைக்கொண்டு ஒரு பொருளின் உட்குறுக்குவெட்டை வரைதல் கூடுமென்பது 1917இலேயே ராடன் என்னும் கணித அறிஞர் காட்டிய உண்மை. ஆயினும் அதனை நடைமுறையிற் செய்தற்கு ஃபூரியே மாற்றம் என்னும் நீண்ட கணக்கு வேண்டியிருந்தது. ஏ. வி. இலக்ஷ்மிநாராயணன் என்பாருடன் சேர்ந்து இராமச்சந்திரன் ஒரு குறுக்குவழி கண்டார். ஒவ்வொரு நிழற்படத்தையும் முதலில் ஒரு வடிகட்டிச் சார்பினால் திருத்திக்கொண்டு, பின்னர் அவற்றை வந்த திசையிலேயே திரும்பப் பரப்பிக் கூட்டினாற் போதும். உருவம் தெளிவாய் எழும். திருத்தாமற் பரப்பின் உருவம் புகைபடிந்தாற்போல் மங்கும். அம்மங்கலை முன்னரே கணித்துக் கழித்துவிடுவதே வடிகட்டியின் வேலை. ரேடியோ வானநூலில் பிரேஸ்வெல் என்பார் 1967இல் இதுபோன்றதொன்றைக் கண்டிருந்தார் என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிடல் வேண்டும்.

அதே 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் இலண்டன் பக்கத்து மருத்துவமனையொன்றில், ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த பொறியால் நோயாளி ஒருவரது மூளை முதன்முறையாகப் படமெடுக்கப்பட்டது. அவர் கையாண்ட கணக்கு வேறு. அது மெல்ல நடப்பது. பின்வந்த பொறிகளில், வடிகட்டித் திரும்பப் பரப்பும் முறையே பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அண்மைக் காலத்தில் வேறு புதிய கணக்குகளும் அதனோடு சேர்ந்துள்ளன. சென்னையார் வடிகட்டிக்கு இருவர் பெயரின் முதற்பகுதியையும் சேர்த்து ராம்-லாக் என்று பெயர் வழங்குகின்றது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மக்கும் நோபெல் பரிசு பெற்றனர். மதுரை இராசாசி மருத்துவமனைக்குத் தலையில் அடிபட்டு வருவோரை ஸ்கேன் அறைக்குள் தள்ளிச்செல்லும் ஊழியருக்கு ராம் என்பவரும் தெரியார், லாக் என்பவரும் தெரியார். தெரியவேண்டிய அவசியமும் அவருக்கு அவ்வேளையில் இல்லை.

பட்டங்களையும் பரிசுகளையும் விரித்தால் இக்கட்டுரை நீளும். 1961இல் பட்நாகர் பரிசு; 1977இல் இலண்டன் ராயல் சங்கத்து அங்கத்தினர் பதவி; 1999இல் படிகவியலாரின் உயர்ந்த பரிசாகிய எவால்டு பரிசு. நோபெல் பரிசு வரவில்லை. உள்நாட்டில் பத்ம விருதும் வரவில்லை; இதற்கு நாணவேண்டியவர் அவரல்லர்.

மனைவியார் இராஜலக்ஷ்மியை அவர் 1945இல் மணந்தார். மக்களுள் ஒருவராகிய ரமேஷ் நாராயண் ஹார்வார்டில் வானியற் பேராசிரியராய்க் கருந்துளைகளை ஆராய்பவர். இராமச்சந்திரன் இசையிலும் தத்துவத்திலும் தோய்ந்தவர், கவிதையும் இயற்றுவார். பிற்காலத்தில் சமணரின் சியாத்வாதத்தைத் தழுவித் தர்க்கத்திற்குக் கணித உருவம் கொடுக்கவும் முயன்றார். அம்முயற்சியைப் பிறர் அவ்வளவாகப் பின்தொடரவில்லை. எளிதிற் கிளர்ந்தெழுந்து எளிதிற் சோர்ந்துவிடும் மனம் அவருடையது. அதனால் அவரும் துன்புற்றார், உடனிருந்தவரும் சிலபோது துன்புற்றனர். எனினும் அவர் பயிற்றிய மாணாக்கரே பெங்களூரிலும் சென்னையிலும் இத்துறையை வளர்த்தனர். இந்திய அரசாங்கத்தின் உயிர்நுட்பவியல் இலாகா 1986-87இல் நாடெங்கும் உயிர்த்தகவல் நிலையங்களை இணைத்து ஒரு வலையமைப்பைத் தொடங்கியபோது, அப்பணிக்குத் தக்கார் நாட்டிலேயே இருந்தனர். நம் பக்கத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அவ்வமைப்பில் இடம்பெற்றது.

முதுமையிற் பார்க்கின்ஸன் என்னும் நடுக்குவாத நோய் அவரைப் பற்றியது. அந்நோயில் மூளையின் நரம்பணுக்களுள் ஆல்ஃபா ஸைனுக்ளீன் என்னும் புரதம் தன் இயல்பான நிலை மாறித் திரண்டு படிகின்றது என்பது 1997ஆம் ஆண்டையொட்டித் தெளிவாயிற்று. புரதச் சங்கிலி எந்நிலையில் மடங்கும், எந்நிலையில் மடங்காது என்று ஆயுள் முழுதும் ஆராய்ந்தவர் உடலையே, தவறி மடங்கிய புரதமொன்று தளர்த்தியது. 1998இல் மனைவியார் காலஞ்சென்றபின் அவர் மிகவும் ஒடுங்கினார். 2001ஆம் ஆண்டு பெப்ருவரியில் மனித மரபணுத் தொகுதியின் முதற்படி வரிசை, கொலாஜன் கட்டுரை வந்த அதே நேச்சர் இதழில் வெளியாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் வயதில், சென்னையில் இராமச்சந்திரன் காலமானார்.